என்ன படக்கதை வாசிக்கலாம்? மலையக வாசகர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஞாயிறு பின்னேரங்களில் சிலர் கூடி காமிக்ஸ் வாசிக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள், ஆசிரியர்கள், டவுன் கடைகளில் வேலை செய்பவர்கள், கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் இளைஞர்கள் என்று யார் யாரோ வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குப் பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைப் பிடிக்காதது என்றும்தான் சொல்லியிருக்கிறேன்.

காமிக்ஸ் வேறு, கிராஃபிக் நாவல் வேறா?

பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாதாமாதம் ஒரே நாயகன் வந்து போகும் கதைகளை காமிக்ஸ் என்கிறார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையை ஒரு தடித்த புத்தகமாகச் சொன்னால் கிராஃபிக் நாவல் என்கிறார்கள். இரண்டுமே படக்கதைதான். பெயரைப் பார்த்து ஒன்றை உசத்தி, மற்றதைத் தாழ்த்தி என்று நினைக்க வேண்டாம்.

இதுவரை படக்கதையே வாசித்ததில்லை. முதலில் எதைக் கையில் எடுக்கலாம்?

யோசிக்காமல் சொல்வேன்: திபெத்தில் டின்டின். பெல்ஜியத்துக்காரரான ஹெர்ஜே 1958, 1959இல் தொடராக வரைந்து, 1960இல் புத்தகமாக வந்தது. டின்டினின் நண்பன் சாங் வந்த விமானம் இமயமலையில் விழுந்துவிடுகிறது. யாரும் பிழைக்கவில்லை என்று பத்திரிகைச் செய்தி வருகிறது. டின்டின் மட்டும் நம்பாமல் தேடிப் புறப்படுகிறான். இந்தக் கதையில் வில்லனே கிடையாது. மலை, பனி, குளிர், ஒருவனுடைய பிடிவாதம், அவ்வளவுதான்.

ஒரு கட்டத்தில் டின்டினின் தோழர் கேப்டன் ஹடாக் கயிற்றின் நுனியில் பாறைக்கு வெளியே தொங்குகிறார். மேலே டின்டின் அவருடைய பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். அவனால் மேலே இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. 'கயிற்றை அறுத்துவிடு, நீயாவது தப்பித்துக்கொள்' என்கிறார் ஹடாக். அவன் மறுக்கிறான். அவரே கத்தியை எடுக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வந்தால் எங்கள் அறையில் ஒரு சத்தம் இருக்காது. வசனத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பயம் அப்படியே தெரியும்.

நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கதை இன்னும் கொஞ்சம் கிட்ட வரும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கத்துப் பெரியவர்கள் அந்த இரவை இன்னும் சொல்வார்கள். மலையில் விழுந்த விமானம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் புத்தகத்தை வாசித்துப் பாருங்கள்.

ஆங்கிலப் பிரதி எளிதாகக் கிடைக்கும். ஆங்கிலம் தட்டுப்பட்டால் ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அப்பா எப்போது பார்த்தாலும் இரும்புக்கை மாயாவி என்கிறார். இன்றைக்கும் அது வாசிக்கத் தகுந்ததா?

தகுந்தது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மூலக்கதை பிரிட்டனில் 1962இல் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். கதையின் அடிப்படை எளிது: ஆய்வுகூட விபத்தில் கை இழந்து இரும்புக்கை பொருத்திய லூயிஸ் கிராண்டேல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். கை மட்டும் தெரியும்.

சதி, திருப்பம் எல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குப் பழசாகத் தோன்றலாம். ஆனால் பிளாஸ்கோவின் கறுப்பைப் பாருங்கள். ஆளே இல்லாத அறையில் ஒரு இரும்புக்கை மட்டும் கதவைத் திறக்கிற படத்தை அவர் எவ்வளவு குறைந்த கோடுகளில் வரைந்திருக்கிறார், நிழலை எங்கே விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். நான் இதைச் சிபாரிசு செய்வது அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் அப்பா காலத்தில் எத்தனையோ லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கரண்ட் கிடையாது. லக்ஸபானையும் நோர்ட்டனும் காசல்ரீயும் மவுஸாகலையும் என நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்க, அவற்றின் கரையிலேயே இருந்த பிள்ளைகள், மின்சாரம் பட்டால் மறைகிற மனிதனின் கதையைக் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வாசித்தார்கள். அந்தப் புத்தகங்களில் பல, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சொந்தக்காரர்கள் பார்சலில் அனுப்பியவை, அல்லது போய் வந்தவர்கள் கையில் கொண்டு வந்தவை. அப்பாவிடம் கதையைக் கேட்பதோடு நிற்காமல், புத்தகம் யார் கையிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

வேதாளர், ராணி காமிக்ஸ் மாயாவி எல்லாம்?

இரண்டும் ஒரே ஆள்தான், இரும்புக்கை மாயாவி வேறு. லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய முகமூடி வீரர், தமிழில் வெவ்வேறு வெளியீடுகளில் வெவ்வேறு பெயரில் வந்தார். ராணி காமிக்ஸ் 1984 ஜூலையில் தொடங்கி 2005 வரை வந்தது. விலை குறைவு, எழுத்து எளிது. மலையகத்தில் எத்தனையோ பேர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது அதில்தான்.

ஆனால் வேதாளர் கதைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பேசுங்கள். காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரர் மண்டையோட்டு ஆசனத்தில் உட்கார்ந்திருப்பார். சுற்றியுள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக அவரைக் காவல் தெய்வம் போலக் கும்பிடுவார்கள். துரைமார் பங்களாவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கதையில் யார் பேசுகிறார், யார் தலையாட்டுகிறார் என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளை கூட சட்டென்று பிடித்துக்கொள்கிறது. கதை சுவையானது, அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை. கேள்வியோடு வாசித்தால் போதும்.

கௌபாய் கதைகளை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? எனக்குக் குதிரையும் துப்பாக்கியும் அலுத்துவிட்டது.

அலுப்பது நியாயம்தான், எல்லாமே நல்ல கதைகள் கிடையாது. இந்த மூன்றை மட்டும் தொட்டுப் பாருங்கள்.

டெக்ஸ் வில்லர், இத்தாலியில் 1948இல் ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, கலெப்பினி வரையத் தொடங்கியது. டெக்ஸ் ஒரு ரேஞ்சர், அதே நேரம் நவஹோ மக்களின் தலைவன். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. செவ்விந்தியர்களைச் சுட்டுத் தள்ளுவதே வீரம் என்று படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களின் நிலத்தைப் பிடுங்க வரும் ஏஜெண்டையும் வியாபாரியையும் எதிர்க்கிற நாயகன் இவன். சிவகாசியில் 1984இல் ஆரம்பித்த லயன் காமிக்ஸ் இவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இன்றும் தமிழில் அதிகம் பேர் காத்திருந்து வாங்குவது டெக்ஸைத்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேப்டன் டைகர் இன்னும் ஒரு படி மேலே. பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்ற பெயரில் 1963இல் தொடங்கியது. ஷார்லியே கதை, ஜான் ஜிரோ ஓவியம். பிறகு மோபியஸ் என்ற பெயரில் உலகமே அறிந்த ஓவியர் இவர்தான். டைகர் குளிக்காத, சூதாடுகிற, மேலதிகாரியோடு முட்டுகிற ஆள். 'தங்கக் கல்லறை'யில் பாலைவனத்து வெயிலை ஜிரோ வரைந்திருப்பதைப் பார்த்தால், நுவரெலியாக் குளிரில் இருந்து வாசிக்கிறவருக்கும் தொண்டை வறளும். தமிழில் 2015இல் வந்த 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு கிடைத்தால் கடன் வாங்கியாவது வாசியுங்கள்.

சிரிக்க வேண்டுமென்றால் லக்கி லூக். மோரிஸ் 1946இல் தொடங்கினார். 1955இலிருந்து கோசினி எழுதியவைதான் உச்சம். நான்கு டால்டன் சகோதரர்களும் உயர வரிசையில் நிற்கிற படத்தைக் கண்டாலே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவரும் பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்'. புத்தகம் முழுக்க வாசிக்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. டானின் அப்பா மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். புத்தகமும் அப்படிப் புலம்பெயர்கிற ஒருவருடைய கதைதான்.

முதல் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஒன்பது படங்கள். கடதாசியில் மடித்த பறவை, சுவர்க் கடிகாரம், தொப்பி, சட்டி, பிள்ளை கிறுக்கிய படம், வாய் உடைந்த தேநீர்க் குடுவை, கோப்பை, சூட்கேஸ், குடும்பப் படம். ஒரு வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அதுதான். அடுத்த பக்கங்களில் அப்பா அந்தக் குடும்பப் படத்தைச் சுற்றி சூட்கேஸில் வைக்கிறார். மனைவியின் கை அவர் கை மேல் வருகிறது. பிறகு கப்பல். நாட்கள் போவதைக் காட்ட இரண்டு பக்கம் நிறைய வெவ்வேறு மேகங்களை மட்டும் வரைந்திருக்கிறார். போய் இறங்குகிற நகரத்தில் எழுத்தும் புரியாது, சாப்பாடும் புரியாது, மிருகங்கள் கூட யாரும் கண்டிராத மாதிரி இருக்கும். அந்த எழுத்து ஓவியர் சும்மா கற்பனையில் உருவாக்கியது, உலகத்தில் யாராலும் அதை வாசிக்க முடியாது. ஆகவே அந்தப் பக்கங்களில் பட்டதாரியும் அப்பாயியும் ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி இதைப் பார்த்துக்கொண்டே போய், சூட்கேஸ் பக்கத்தில் நிறுத்தி, மகள் குவைத்துக்குப் போன நாளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் பெற்றோர் கடல் கடந்து வந்த கதைக்கும் அங்கிருந்தே போனார். பேரன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதை வாசிக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்தைப் புரட்டுவது அவர் கையிலேயே இருக்கட்டும்.

விலை கூடிய புத்தகம். நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள்.

தமிழிலேயே வாசிக்கக்கூடிய கனமான கிராஃபிக் நாவல்கள் எவை?

இரண்டைச் சொல்கிறேன். முதலாவது பீமாயணம். அம்பேத்கரின் வாழ்க்கையில் தீண்டாமை தாக்கிய சம்பவங்களைச் சொல்வது. 2011இல் ஆங்கிலத்தில் வந்து, பிறகு தமிழுக்கும் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியத் தம்பதியர். மற்றப் படக்கதைகளைப் போல இதில் கட்டம் கட்டமாகப் பெட்டிகள் கிடையாது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்று ஓவியர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் ஊர் வீட்டுச் சுவரில் போடுகிற கோலங்களையே பக்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பேச்சுக் குமிழிகளைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். அன்பாகவும் சாதாரணமாகவும் பேசுகிறவர்களின் சொல் பறவை உருவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவனின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு இருக்கும். மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். ஒரு முறை தெரிந்துகொண்டால், வசனத்தை வாசிக்கும் முன்னரே கொடுக்கு தெரிந்து நெஞ்சு சுருங்கும். பள்ளிக்கூடத்தில் தாகத்தோடு நிற்கும் சிறுவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவதிலிருந்து, 1927இல் மகாட் குளத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தண்ணீர் குடித்தது வரை, புத்தகம் முழுக்கத் தண்ணீர்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யார் முதலில் குடம் வைப்பது என்று நடந்த சண்டைகளை அறிந்தவர்கள் நாம். கப்பலேறி வந்தபோது சாதியும் கூடவே வந்தது, கங்காணி முறை அதைக் கட்டிக் காத்தது. அதைப் பற்றி மலையகத்தில் வெளிப்படையாகப் பேச ஒரு காரணம் வேண்டுமென்றால் இந்தப் புத்தகத்தை நடுவில் வையுங்கள்.

இரண்டாவது, மர்ஜானே சத்ரபியின் ஈரான் கதை. பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை பெர்செபோலிஸ் என்று வந்தது. தமிழில் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற பெயரில் விடியல் பதிப்பகம் கொண்டுவந்தது. 1979 புரட்சி, அதற்குப் பின் ஈராக்கோடு போர், எல்லாம் ஒரு சிறுமியின் கண்ணில் நடக்கிறது. ஓவியம் தனிக் கறுப்பு, தனி வெள்ளை. சாம்பல் நிறமே கிடையாது. இது என்ன சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி என்று முதலில் தோன்றும், சில பக்கங்களில் அது மறந்து போகும். உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

எலி, பூனை படம் போட்ட 'மவுஸ்' பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அட்டையைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். யூதப் படுகொலையில் தப்பிய தன் அப்பாவின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் 1986, 1991 என இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். போலந்துக்காரர் போல நடித்துத் தப்பிக்கும் யூதர்கள் பன்றி முகமூடியை நூலால் கட்டியிருப்பார்கள், அந்த நூல் படத்தில் தெரியும். சாதாரண தரப் பரீட்சை வயதுக்கு மேல் உள்ளவர்கள் வாசிக்கலாம். ஒரே மூச்சில் வேண்டாம்.

நம் நாட்டுக் கதை, நம் நாட்டுப் படம் என்று எதுவும் இல்லையா?

இருக்கிறது. சிவஞானசுந்தரம் என்ற சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரம் தினகரன் பத்திரிகையில் வந்தது. அவர் 1960களில் ஆரம்பித்து நடத்திய சிரித்திரன் இதழில் பல பாத்திரங்கள் உலவின. யாழ்ப்பாணத்துப் பேச்சு, யாழ்ப்பாணத்து வேலி, யாழ்ப்பாணத்து மாட்டு வண்டி. நம் பேச்சு வேறு என்றாலும், ஒரு ஊரை ஒருவர் இரண்டு மூன்று கோடுகளில் எப்படிப் பிடிக்கலாம் என்று படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. நூலகம் இணையத்தளத்தில் சிரித்திரன் பழைய இதழ்களை இலவசமாகவே பார்க்கலாம்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் கமிலஸ் பெரேராவின் கஜமன் படக்கதையைத் தவறவிட வேண்டாம். சிங்களத்தில் 1970, 80களில் படக்கதைக்கென்றே பத்திரிகைகள் வந்து சக்கைப்போடு போட்டன. கஜமன் 2023இல் முப்பரிமாண அனிமேஷன் படமாகவும் வந்தது. பாடப் புத்தகத்துச் சிங்களத்தில் திணறுகிற பிள்ளைக்கு இந்த மாதிரிப் படக்கதை நன்றாகவே உதவும்.

போரைப் பற்றியது என்றால் 'வன்னி'. 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்து 2008 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டவர். வரைந்தவர் லின்ட்சே பொலொக். தப்பியவர்களின் வாக்குமூலங்களை வைத்து, சுனாமியிலிருந்து கடைசிப் போர் வரை ஒரு குடும்பத்தின் கதையாகச் சொல்கிறார்கள். இது வடக்குக் கதைதானே என்று மலையகத்தவர் ஒதுக்கக் கூடாது. 1977 வன்முறைக்குப் பிறகு இங்கிருந்து எத்தனை குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறின! அந்தக் கடைசி மாதங்களில் அங்கே அகப்பட்டவர்களில் நம் சித்தப்பாக்களும் அத்தைமார்களும் இருந்தார்கள். நெஞ்சைப் பிசையும் புத்தகம். உங்கள் வீட்டில் அந்தப் பக்கம் யாரையாவது இழந்திருந்தால், தனியாக இருந்து வாசிக்காதீர்கள்.

மங்காவைப் பின்னாலிருந்து வாசிக்க வேண்டுமாமே?

ஆமாம். ஜப்பானியர் வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். இன்று வரும் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதே வரிசையை வைத்திருக்கின்றன. பத்துப் பக்கத்தில் பழகிவிடும். கெய்ஜி நகசாவா 1973இல் தொடங்கிய 'பேர்ஃபுட் ஜென்' தொடரைச் சொல்வேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. ஒசாமு தெசுகாவின் 'புத்தா'வும் நல்ல தொடர், ஆனால் ஆங்கிலத்தில் எட்டுப் பாகம். பொறுமை வேண்டும்.

காமிக்ஸ் வாசித்தால் படிப்புக் கெட்டுப் போகாதா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருகிறது.

கெடாது. வாசிக்கப் பிடிக்காத பிள்ளையைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது பெரும்பாலும் படக்கதைதான். முதலில் படத்தைப் பார்ப்பான், அப்புறம் குமிழியை வாசிப்பான், அப்புறம் அடுத்த இதழ் எப்போது என்று கேட்பான். பரீட்சைக்குக் கிட்டிய மாதங்களில் நேரத்தை மட்டும் குறையுங்கள். புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்து வைத்தால், படிப்பு மேல்தான் வெறுப்பு வரும்.

வயதைப் பாருங்கள், அது முக்கியம். பழைய சாகசக் கதைகளில் சிகரெட்டும் மதுவும் துப்பாக்கியும் நிறைய. லக்கி லூக் வாயில் இருந்த சிகரெட்டையே மோரிஸ் 1983இல் புல்லாக மாற்றினார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் புல் வைத்த லக்கி லூக் போதும். மவுஸும் வன்னியும் இன்னும் சில வருடங்கள் காத்திருக்கட்டும்.

இங்கே எங்கே வாங்கலாம்?

கொழும்பில் செட்டியார் தெரு, வெள்ளவத்தைத் தமிழ்ப் புத்தகசாலைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆங்கிலப் புத்தகங்களுக்கு செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நல்ல இடம், கழிவும் உண்டு. சிவகாசி வெளியீடுகளை நேரடியாகத் தருவிக்கலாம். ஆனால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி சமயத்தில் போய் வருகிற யாரையாவது பிடித்து மொத்தமாகச் சொல்லி அனுப்புவதுதான் மலிவு. 2022க்குப் பிறகு இந்தியப் புத்தகத்தின் விலை நம் ரூபாயில் எங்கோ போய்விட்டது. அதனால் ஒரே புத்தகத்தை எல்லோரும் வாங்காமல், ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றி வாசியுங்கள்.

போனில் சுற்றும் திருட்டு ஸ்கேன்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கிற புத்தகத்தை அப்படி வாசிக்க வேண்டாம். தமிழ்க் காமிக்ஸ் குறைந்த பிரதிகளில், வாசகர்களின் சந்தாவை நம்பி ஓடுகிறது. அது நின்றால் பிறகு எதுவுமே வராது.

மழைக்காலத்தில் புத்தகங்களுக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

மலைநாட்டில் காமிக்ஸ் சேர்க்கிறவர்களின் பெரிய தலைவலி இதுதான். பழைய முத்து, ராணி இதழ்கள் மலிவுக் கடதாசி. ஈரத்தை உறிஞ்சும், மஞ்சளாகும், நொறுங்கும். வெளிச்சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது, அடுப்புப் பக்கத்துச் சுவர் நல்லது. ட்ரங்குப் பெட்டியில் வைப்பதானால் அடியில் பலகைத் துண்டு போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பைகளைச் சேர்த்து உள்ளே போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். நேரடி வெயில் பட்டால் வண்ணம் போய்விடும்.

பூஞ்சணம் பிடித்ததை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால், வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டி எடுங்கள். நடுவில் உள்ள கம்பி துருப்பிடித்தால் கடதாசியையும் தின்றுவிடும். கம்பியை மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

வாசித்து முடித்த பிறகு எதைப் பற்றிப் பேசுவது? 'நல்லா இருந்துச்சு' என்பதோடு நின்றுவிடுகிறது.

கதையை விட்டுவிட்டு ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். வசனக் குமிழிகளைக் கடதாசித் துண்டுகளால் மூடுங்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பிறகு படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளிக்கு வாருங்கள். ஸ்காட் மெக்லவுட் 1993இல் படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு படத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த படத்தில் இரவு நகரமும் ஒரு அலறலும் மட்டும். வெட்டியது யார்? வரைந்தவர் வெட்டைக் காட்டவே இல்லை, வாசிக்கிறவர்தான் அந்த இடைவெளியில் வெட்டினார் என்கிறார் மெக்லவுட். இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் எந்தப் பக்கத்தையும் சும்மா புரட்டுவதில்லை.

சண்டை வந்தால் வரட்டும். டெக்ஸா, டைகரா என்று எங்கள் இடத்தில் கதவு சாத்தும் வரை நடக்கும். நான் டைகர் பக்கம்.

நம் கதையை நாமே வரையலாமா? ஓவியம் படித்தவர்கள் யாரும் இல்லை.

வரையுங்கள், தயவுசெய்து வரையுங்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் கதை, 1948இல் பிரஜாவுரிமை பறிபோன கதை, ஒப்பந்தத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த கதை, இவையெல்லாம் பாட்டிலும் சிறுகதையிலும் இருக்கின்றன. நான் அவற்றைப் படக்கதையாகப் பார்க்க ஏங்குகிறேன். அவ்வளவு பெரிதாகத் தொடங்கத் தேவையில்லை. காலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற அம்மாவின் ஒரு நாள், அல்லது தாத்தா சொன்ன ஒரே ஒரு சம்பவம் போதும். சத்ரபியின் கோடுகளைப் பார்த்தீர்களே, மிக எளிமையானவைதான்.

ஒரு ஏ4 கடதாசியை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்பி மடித்தால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் கிடைக்கும். கொப்பியில் முதலில் எந்தப் பக்கத்தில் எது நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். வசனத்தை முதலில் எழுதி, அதற்குப் பிறகு குமிழியை வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், குமிழியை முதலில் போட்டால் எழுத்து வெளியே வந்துவிடும். பென்சிலில் வரைந்து, கறுப்புப் பேனையால் கோட்டை அழுத்தி இழுத்து, மை காய்ந்த பிறகு பென்சிலை அழியுங்கள். பென்சில் கோடு போட்டோகொப்பியில் மங்கலாகத்தான் விழும், கறுப்பு மை தெளிவாக விழும். ஒரு பக்கம் மட்டும் அச்சானால் போதும் என்பதால் செலவும் குறைவு. பத்துப் பிரதி எடுத்து, ஒன்றை எங்களுக்கும் கொடுங்கள்.